ஹெச்.எம். நேரத்தைத் திருடாதீங்க, தோழர்களே!

(ஒன்றிய அளவிலான தகவல் தொழில்நுட்ப அணி பயிற்சி முகாமில் நான் பேசியதன் எழுத்து வடிவம். வர முடியாத தோழர்கள் கேட்டதால் இங்கே பதிவிடுகிறோம். கொஞ்சம் நீளம்தான். பொறுமையா படிங்க.)



எனக்குக் கொடுத்த தலைப்பு 'கல்வியில் நம் சாதனைகளைக் கொண்டு சேர்ப்பது எப்படி'. ரீல்ஸ் எப்படிப் போடணும், போஸ்டர் என்ன சைஸ்ல இருக்கணும்னு அடுத்து பேசுற தோழர் சொல்லுவார். நான் வேற ஒண்ணு சொல்லணும்.

நாம அடிக்கடி பகிர்ற ஒரு எண் இருக்கு. 47. உயர்கல்வி பற்றிய ஒன்றிய அரசின் 2021-22 கணக்கெடுப்பில், உயர்கல்வி மொத்தச் சேர்க்கை விகிதம் தமிழ்நாட்டுக்கு 47 சதவீதம், இந்தியாவுக்கு 28.4 சதவீதம். யாராவது நம்ம கல்வியைப் பற்றிக் கிண்டலா மீம் போட்டா, அடுத்த அஞ்சாவது நிமிஷம் நம்ம பசங்க அந்த 47ஐத் தூக்கிப் போடுவாங்க. நானே எத்தனை முறை போட்டிருக்கேன்னு கணக்கில்ல. அது உண்மை, பெருமையும்தான். எங்க வீட்ல இன்ஜினியரிங் முடிச்ச முதல் ஆள் நான். அந்த 47க்குள்ள என் தலையும் ஒண்ணு.

ஆனா அந்த எண் 18 முதல் 23 வயசு வரைக்குமான கணக்கு. அதுக்குப் பத்து வருஷம் முன்னாடி, ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில மூணாம் வகுப்புல ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்கும். அது சரளமா வாசிக்குதா, எழுத்துக் கூட்டி நிக்குதாங்கிறதுலதான் அந்தப் பிள்ளை பின்னால 47க்குள்ள வருமா, 53ல நின்னுடுமாங்கிறது பாதி முடிவாயிடுது. அந்த மூணாம் வகுப்பைப் பற்றி நாம போஸ்டர் அடிக்கிறதில்ல. அந்தப் பள்ளியை நடத்துற ஹெச்.எம். பேர் என்னன்னு கேட்டா, அதே ஊர்ல இருக்கிற நம்ம கிளைச் செயலாளருக்கே சில நேரம் தெரியாது.

இன்னைக்கு அந்த ஹெச்.எம். பற்றித்தான் பேசப்போறேன்.

முதல்ல ஒரு கணக்கு. 2009 கல்வி உரிமைச் சட்டத்தோட அட்டவணையை எடுத்துப் பாருங்க. ஒண்ணுல இருந்து அஞ்சு வரைக்கும் உள்ள பள்ளியில 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர். 61 முதல் 90 வரை 3. 91 முதல் 120 வரை 4. தனியா ஒரு தலைமை ஆசிரியர் வேணும்னு அந்தச் சட்டம் சொல்றது பிள்ளைகள் 150ஐத் தாண்டினா மட்டும்தான்.

நம்ம ஒன்றியத்துல உள்ள தொடக்கப் பள்ளிகளை மனசுல கொண்டு வாங்க. 150 பிள்ளைகளைத் தாண்டினது எத்தனை? விரல் விட்டு எண்ணிடலாம். பெரும்பாலும் முப்பது, நாப்பது, அம்பது பிள்ளைகள்தான். அதாவது ஈராசிரியர் பள்ளி. ரெண்டு ஆசிரியர், அஞ்சு வகுப்பு. அந்த ரெண்டு பேர்ல ஒருத்தர்தான் ஹெச்.எம். அவருக்குன்னு தனி அறை இருக்காது, கிளார்க் இருக்க மாட்டார், பியூன் இருக்க மாட்டார். நாலையும் அஞ்சையும் அவர் பார்ப்பார், ஒண்ணு ரெண்டு மூணை இன்னொரு டீச்சர் பார்ப்பாங்க. அல்லது மாத்தி வச்சுக்குவாங்க. கரும்பலகையில ஒரு பக்கம் நாலாம் வகுப்புக் கணக்கு, மறு பக்கம் அஞ்சாம் வகுப்புத் தமிழ்.

இதுக்கு நடுவுலதான் 'தலைமை'. காலை உணவுக்கு எத்தனை பேர்னு எண்ணிக்கை, வருகைப் பதிவு, சத்துணவு முட்டைக் கணக்கு, பாடநூல், சீருடை, காலணி வந்தா அளவு பார்த்து வாங்கிக் கையெழுத்து, ஆதார் இல்லாத பிள்ளைக்கு ஆதார், பேங்க் அக்கவுன்ட் இல்லாதவங்களுக்கு அக்கவுன்ட், கழிப்பறை அடைச்சா ஆள் தேடுறது, டேங்க்ல தண்ணி ஏறலன்னா ஊராட்சிக்குப் போன், எஸ்.எம்.சி. கூட்டத் தீர்மானம் எழுதுறது, எமிஸ்ல ஏத்துறது. நெட்வொர்க் இல்லாத ஊர்ல போனைத் தூக்கிட்டு மரத்தடியில நிக்கிற டீச்சரை நீங்களும் பார்த்திருப்பீங்க.

தேர்தல் வேலை தனி. நம்ம பாக முகவர்களுக்கு நல்லாத் தெரியும், பி.எல்.ஓ.வா உங்ககூட வீடு வீடா வர்றவங்கள்ல எத்தனை பேர் டீச்சர்னு. கல்வி உரிமைச் சட்டத்தோட 27-வது பிரிவு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் இந்த மூணைத் தவிர வேற எந்தக் கல்வி சாராத வேலைக்கும் ஆசிரியர்களை அனுப்பக் கூடாதுன்னு சொல்லுது. தேர்தல் அதுல அனுமதிக்கப்பட்டதுதான். ஆனா ரெண்டு பேர்ல ஒருத்தர் ஒரு நாள் வெளியே போனா, அன்னைக்கு அந்தப் பள்ளியில பாதி ஆசிரியர் படை காலி. மீதி ஒருத்தர், அஞ்சு வகுப்பு. அன்னைக்குப் பாடம் நடக்காது, பிள்ளைகளை அடிபடாம பார்த்துக்கிறதுதான் நடக்கும். நம்ம துறையில 'சிங்கிள் பாயின்ட் ஆஃப் ஃபெயிலியர்'னு சொல்லுவோமே, ஒரு இடம் விழுந்தா மொத்த சிஸ்டமும் விழும்னு, ஈராசிரியர் பள்ளியில ஹெச்.எம். அந்த இடம்.

'சரிப்பா, ஹெச்.எம். அவ்வளவு முக்கியமா? பாடம் நடத்துறது டீச்சர்தானே'ன்னு நீங்க கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைச்சேன். அதனால கொஞ்சம் படிச்சுப் பார்த்தேன்.

கனடாவைச் சேர்ந்த கென்னத் லீத்வுட்டும் அவரோட சக ஆய்வாளர்களும் 2004ல ஒரு பெரிய தொகுப்பு வெளியிட்டாங்க. பள்ளிக்குள்ள இருக்கிற காரணங்களை மட்டும் எடுத்தா, பிள்ளைகள் கற்றலை அதிகமா தீர்மானிக்கிறது வகுப்பறைக் கற்பித்தல். அதுக்கு அடுத்த இடம் பள்ளித் தலைமைக்கு. இதோட இன்னொண்ணும் சொன்னாங்க, எனக்கு அதுதான் முக்கியமா பட்டது. பள்ளி எவ்வளவு கஷ்டத்துல இருக்கோ, அங்கே நல்ல தலைமையோட பலன் அவ்வளவு பெருசா தெரியும். வசதியான பள்ளியில ஹெச்.எம். சுமாரா இருந்தாலும் பிள்ளை தப்பிச்சிடும். வீட்ல படிச்ச அப்பா அம்மா, டியூஷன், புத்தகம் எல்லாம் இருக்கு. செங்கல் சூளைக்குப் போற குடும்பத்துப் பிள்ளைக்கு அந்த மாற்று வழி எதுவும் கிடையாது.

அமெரிக்காவுல ஜேசன் கிரிசம் தலைமையில 2021ல வந்த அறிக்கை இதுக்கு ஒரு அளவும் போட்டுச்சு. சராசரிக்குக் கீழ உள்ள ஒரு முதல்வருக்குப் பதிலா சராசரிக்கு மேல உள்ள ஒருத்தர் வந்தா, அந்தப் பள்ளிப் பிள்ளைகள் ஒரு வருஷத்துல சுமார் மூணு மாசப் படிப்பு கூடுதலா படிச்ச மாதிரி முன்னேறுறாங்க. ஒரு வகுப்பு மட்டுமில்ல, மொத்தப் பள்ளியும்.

இதை அப்படியே நம்ம ஊருக்குத் தூக்கிட்டு வந்து போஸ்டர் அடிச்சிடாதீங்க. அங்கே முதல்வர் பாடம் எடுக்கிறதில்ல, நூத்துக்கணக்குல பிள்ளைகள் இருக்கிற பள்ளிகள். நம்ம ஹெச்.எம். ஒரு கையில சாக்பீஸ், இன்னொரு கையில பதிவேடு. ஆனா எனக்குத் தோணுறது, நம்ம சின்னப் பள்ளியில ஹெச்.எம்.மோட பிடி இன்னும் நேரடியானது. ஏன்னா அவர் தலைவர் மட்டுமில்ல, பாதிப் பள்ளிக்கு டீச்சரும் அவர்தான்.

நான் படிச்சதும் அப்படி ஒரு ஈராசிரியர் பள்ளியில. எங்க ஹெச்.எம்.மை நாங்க 'பெரிய டீச்சர்'னு கூப்பிடுவோம். அவங்க பேரை இங்கே எழுதல, அவங்களுக்கு அது பிடிக்காது. பஸ்ல வந்து இறங்கி நேரா பள்ளிக்கு வர மாட்டாங்க. முந்தின நாள் வராத பிள்ளை யாரோ அந்தத் தெரு வழியா சுத்தித்தான் வருவாங்க. திட்ட மாட்டாங்க. 'என்னம்மா, நேத்து அவன் வரலியே, உடம்பு சரியில்லையா'ன்னு வாசல்ல நின்னு கேட்டுட்டுப் போவாங்க, அவ்வளவுதான். ரெண்டு தடவ வாசல்ல டீச்சர் வந்து நின்னுட்டா மூணாவது தடவ எங்கம்மா என்னை ஆடு மேய்க்க அனுப்பல.

அவங்ககிட்ட ஒரு நீள நோட்டு இருந்துச்சு. அரசாங்கம் கொடுத்த பதிவேடு இல்ல, கடையில வாங்கின நோட்டு. ஒரு பிள்ளைக்கு ஒரு பக்கம். யாருக்கு 'ழ' வரல, யாருக்குக் கடன் வாங்கிக் கழிக்கத் தெரியல, யாருக்குக் கரும்பலகை எழுத்து தெரியல. இந்தக் கடைசி ஆள் நான்தான். எனக்குக் கண்ணாடி வேணும்னு முதல்ல கண்டுபிடிச்சது எங்க வீடு இல்ல, அந்த நோட்டு. நாலு மணிக்குப் பிள்ளைகளை அனுப்பிட்டு, சின்ன டீச்சரும் அவங்களும் அந்த நோட்டை நடுவுல வச்சுக்கிட்டு ஒரு கால் மணி நேரம் பேசுவாங்க. பஸ் வர்ற வரைக்கும். நான் வாசல்ல விளையாடிக்கிட்டே அதைப் பார்த்திருக்கேன். அப்போ அது ஏதோ ஊர்க்கதைன்னு நினைச்சேன்.

நியூசிலாந்துல விவியன் ராபின்சன்னு ஒரு கல்வி ஆய்வாளர். அவங்களும் சக ஆய்வாளர்களும் 2008ல, பள்ளித் தலைவர்கள் செய்யுற எந்த வேலை பிள்ளைகள் படிப்புக்கு அதிகமா உதவுதுன்னு பழைய ஆய்வுகளை எல்லாம் சேர்த்து வச்சுப் பார்த்தாங்க. கட்டடம், ஒழுங்கு, இலக்கு நிர்ணயம் எல்லாத்தையும் தாண்டி முதல்ல நின்னது எது தெரியுமா? ஆசிரியர்கள் கத்துக்கிற இடத்துல தலைவரும் கூட உட்கார்ந்து கத்துக்கிறது. அதைப் படிச்சப்போ எனக்கு அந்த நாலு மணி கால் மணி நேரம்தான் ஞாபகம் வந்துச்சு. பெரிய டீச்சர் ராபின்சனைப் படிச்சிருக்க வாய்ப்பே இல்ல. ஆனா பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரத்துல அதைத்தான் செஞ்சாங்க.

இதுக்கு நேர் எதிரான கதையும் ஒண்ணு இருக்கு. மத்தியப் பிரதேசத்துல 'ஷாலா சித்தி'ன்னு ஒரு திட்டம். ஒவ்வொரு பள்ளியையும் மதிப்பீடு பண்ணி, அந்தப் பள்ளிக்குன்னே ஒரு மேம்பாட்டுத் திட்டம் எழுதி, அதிகாரிகள் வந்து தொடர்ந்து பார்க்கிற ஏற்பாடு. கேட்க அருமையா இருக்குல்ல? கார்த்திக் முரளிதரனும் அபிஜீத் சிங்கும் இதை ஆயிரக்கணக்கான பள்ளிகள்ல ஒப்பிட்டு ஆய்வு பண்ணாங்க. மதிப்பீடு நடந்துச்சு. திட்டம் எழுதினாங்க. ஃபைல் எல்லாம் பக்கா. ஆனா வகுப்பறையில பாடம் நடத்துற விதம் மாறல, பிள்ளைகளோட வருகையும் கற்றலும் கூடல. அதுக்கு அப்புறமும் அந்த மாதிரியை வெற்றின்னு சொல்லி நாடு முழுக்க லட்சக்கணக்கான பள்ளிகளுக்குக் கொண்டு போனாங்க.

அங்கே யாரோட ஆட்சின்னு நான் சொல்ல வேண்டியதில்ல. இப்பவே ரெண்டு பேர் மீம் டெம்ப்ளேட் தேடுறது எனக்குத் தெரியுது. கொஞ்சம் நில்லுங்க. அந்த நோய் ஒரு மாநிலத்துக்கோ ஒரு கட்சிக்கோ மட்டும் சொந்தமில்ல. மேல இருந்து 'போட்டோ அனுப்பு, அப்லோட் பண்ணு, இன்னைக்குள்ள முடி'ன்னு கேட்டா, கீழ இருக்கிறவங்க போட்டோ அனுப்புவாங்க, அப்லோட் பண்ணுவாங்க. நேரம் அதுலயே போயிடும். பெரிய டீச்சரோட நீள நோட்டும் ஒரு ரெக்கார்டுதான். ஆனா அது மேலே அனுப்ப எழுதினது இல்ல, நாளைக்குப் பாடம் நடத்த எழுதினது. இந்த ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் அரசாங்கத்துக்கும் தெரியணும், நமக்கும் தெரியணும். எமிஸ் சுமையைக் குறைங்கன்னு ஆசிரியர் சங்கங்கள் பல வருஷமா கேட்டுக்கிட்டு இருக்காங்க. அவங்க போராட்டம்னு சொன்னதும் 'சம்பளம் வாங்குறாங்கல்ல'ன்னு கமென்ட் போடுற நம்ம ஆட்கள் தயவு செஞ்சு அந்தக் கோரிக்கையை ஒரு தடவ முழுசா படிங்க.

இப்போ நான் செஞ்ச தப்பைச் சொல்றேன். இதுக்காகத்தான் இந்தத் தலைப்பையே எடுத்தேன்.

போன வருஷம் ஒரு விழாவுக்காக ஒரு தொடக்கப் பள்ளியில நோட்டு, பென்சில் பாக்ஸ் கொடுக்கப் போனோம். ஊர் பேர் வேண்டாம். பத்து மணின்னு சொல்லியிருந்தோம். அண்ணன்மார் வர பதினொன்றரை ஆச்சு. பிள்ளைங்க வராண்டாவுல வரிசையா உட்கார்ந்திருந்தாங்க. ரெண்டு டீச்சரும் வெயில்ல நின்னாங்க. சால்வை, ரெண்டு பேச்சு, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு போட்டோ. ஒரு பிள்ளைக்கு நோட்டு கொடுத்ததை மூணு ஆங்கிள்ல எடுத்தேன். எடுத்தது நானேதான். முடிஞ்சு கிளம்புறப்போ மணி பன்னெண்டே முக்கால். சாப்பாட்டு மணி அடிச்சாச்சு.

அந்த ஹெச்.எம். அம்மா கோபப்படல. 'தம்பி, அந்தப் போட்டோ ரெண்டு எனக்கும் அனுப்புங்க'ன்னு கேட்டாங்க. சந்தோஷமா நம்பர் வாங்கினேன். அப்புறம் சும்மா, பேச்சோட பேச்சா சொன்னாங்க: 'இன்னைக்கு மூணாம் வகுப்புக்குக் கடன் வாங்கிக் கழித்தல் ஆரம்பிக்கிறதா இருந்தேன். பரவால்ல, திங்கக்கிழமை பார்த்துக்கலாம். ஆனா திங்கக்கிழமை எனக்கு மீட்டிங் இருக்கு.'

அன்னைக்கு அந்த ரீல் நல்லா போச்சு. நிறைய ஷேர். எனக்குப் பாராட்டு. ஆனா ரெண்டு ஆசிரியரோட முழுக் காலைப் பொழுதை நாங்க எடுத்துக்கிட்டோம். நாப்பது ரூபா நோட்டைக் கொடுத்துட்டு, அந்த நோட்டுல எழுத வேண்டிய பாடத்தை எடுத்துட்டு வந்துட்டோம். கடையில நோட்டு கிடைக்கும் தோழர்களே. அந்த ஹெச்.எம்.மோட ரெண்டே முக்கால் மணி நேரம் எந்தக் கடையிலயும் கிடைக்காது.

அதனால உங்ககிட்ட கேட்கிறேன். விழா எதுவா இருந்தாலும் பள்ளி நேரத்துல பள்ளிக்குள்ள போகாதீங்க. கொடுக்க ஆசைப்பட்டா முந்தின நாள் சாயங்காலம் ஹெச்.எம்.மைப் பார்த்து, 'என்ன தேவை'ன்னு கேட்டு, அதை வாங்கி, நாலு மணிக்கு மேல ஒப்படைச்சுட்டு வாங்க. என்ன தேவைன்னு கேட்கிறதுல ஒரு விஷயம் இருக்கு. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்துல பள்ளி மானியம்னு வருஷத்துக்கு ஒரு தொகை உண்டு. 30 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு 10,000 ரூபாய், 100 வரை 25,000 ரூபாய்ங்கிறது அதோட அளவு. சாக்பீஸ், துடைப்பம், பல்பு, பினாயில், குழாய் ரிப்பேர் எல்லாம் அதுலதான். அதுவும் நேரத்துக்கு வந்தா. தேசியக் கல்விக் கொள்கையை ஏத்துக்கலன்னு 2024-25க்கு நமக்கு வர வேண்டிய 2,152 கோடியை ஒன்றிய அரசு நிறுத்தி வச்சு, தமிழ்நாடு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போக வேண்டியதாச்சு. அந்தச் சண்டையை நாம ட்விட்டர்ல போட்டுக்கிட்டு இருந்தப்போ, சொந்தக் காசுல பல்பு வாங்கிப் போட்ட ஹெச்.எம்.கள் இருக்காங்க. பென்சில் பாக்ஸுக்குப் பதிலா, அந்தப் பள்ளிக்கு ஒரு வருஷத்துக்குக் கழிப்பறை சுத்தம் பண்ற ஆளுக்கு உண்டான செலவை உங்க கிளை ஏத்துக்கிட்டா, அதுக்கு ரீல் போட முடியாது. ஆனா அந்த ஹெச்.எம். உங்களை மறக்க மாட்டாங்க.

அடுத்தது நம்ம கையில இருக்கிற திறமை. இங்கே உட்கார்ந்திருக்கிறவங்கள்ல பாதிப் பேர் இன்ஜினியர். மீதி பேர் இன்ஜினியரை விட நல்லா போன் பார்க்கத் தெரிஞ்சவங்க. ஒரு ஊர்ல அஞ்சு பிள்ளைக்கு ஆதார்ல பேர் தப்பா இருந்தா, மூணு பேருக்குச் சாதிச் சான்றிதழ் இல்லன்னா, பெற்றோரை இ-சேவை மையத்துக்குக் கூட்டிட்டுப் போய் வர்றது யாரு? இப்போ ஹெச்.எம். தான் பெற்றோரைத் துரத்துறாங்க. அது நம்ம வேலையா இருக்கட்டும். ஞாயித்துக்கிழமை ரெண்டு பேர் பைக்ல போனா ஒரு ஊர் முடிஞ்சிடும். பிள்ளைகளோட விவரத்தை உங்க போன்ல சேர்த்து வைக்காதீங்க, பள்ளியோட எமிஸ் பாஸ்வேர்டைக் கேட்காதீங்க, அது தப்பு. பெற்றோருக்கு உதவுங்க, காகிதத்தை அவங்க கையிலயே கொடுத்து அனுப்புங்க.

இது நடக்குமான்னு சந்தேகப்படுறவங்களுக்கு 'இல்லம் தேடிக் கல்வி' ஞாபகம் இருக்கும். 2021 அக்டோபர்ல விழுப்புரம் மாவட்டத்துல தொடங்கி, கொரோனாவுல படிப்பு விட்டுப்போன பிள்ளைகளுக்கு நம்ம ஊர் அக்காக்கள் சாயங்காலம் திண்ணையிலயும் கோயில் வாசல்லயும் சொல்லிக் கொடுத்தாங்க. அதே கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங் குழு தமிழ்நாட்டு கிராமங்கள்ல சுமார் 19,000 பிள்ளைகளைச் சோதிச்சுப் பார்த்தப்போ, இழந்த படிப்புல மூணுல ரெண்டு பங்கு பள்ளி திறந்து ஆறு மாசத்துல மீண்டிருந்துச்சு. அந்த மீட்சியில சுமார் கால் பங்கு இந்தத் திட்டத்தால வந்தது. பள்ளி நேரத்தைத் தொடாம, பள்ளிக்கு வெளியே நின்னு ஊர் கை கொடுத்தா பிள்ளை மேல வருதுங்கிறதுக்கு இதைவிட என்ன வேணும்? மீதி முக்கால் பங்கு இந்தத் திட்டத்தால வந்தது இல்லங்கிறதையும் சேர்த்துச் சொல்லணும்.

இன்னொண்ணு, பள்ளி மேலாண்மைக் குழு. கல்வி உரிமைச் சட்டத்தோட 21-வது பிரிவுப்படி அதுல முக்கால்வாசி பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். நம்ம ஆட்கள் இந்தக் குழுவுக்குள்ள யாரைக் கொண்டு வர்றதுன்னு போட்டி போடுவாங்க, கூட்டத்துக்கு வர மாட்டாங்க. கூட்டத்துக்கு வந்தாலும் பேச்சு சுற்றுச்சுவர், பெயின்ட், கல்வெட்டுல யார் பேர்ங்கிறதோட நின்னுடும். நான் கேட்கிறது ஒரே ஒரு கேள்வி. 'டீச்சர், மூணாம் வகுப்புல எத்தனை பேர் தானா வாசிக்கிறாங்க? வாசிக்காதவங்களுக்கு நாங்க வீட்ல என்ன பண்ணணும்?' 2022ல தொடங்கின 'எண்ணும் எழுத்தும்'ல அரும்பு, மொட்டு, மலர்னு பிள்ளையோட நிலை பார்த்துக் குழு பிரிக்கிறாங்க. எந்தப் பிள்ளை எங்கே நிக்குதுன்னு ஹெச்.எம்.முக்குத் தெரியும். கேட்கத்தான் ஆள் இல்ல. விசாரணை பண்ற மாதிரி கேட்காதீங்க. நம்ம வீட்டுப் பிள்ளைய டாக்டர்கிட்ட காட்டிட்டு 'எப்படி இருக்கு'ன்னு கேட்கிற மாதிரி கேளுங்க. தை பிறந்ததும் சூளைக்கோ கரும்பு வெட்டுக்கோ போகப்போற குடும்பம் எது, பாட்டி வீட்ல பிள்ளையை விட்டுட்டுப் போக வழி இருக்கான்னு அந்தக் கூட்டத்துலயே மார்கழிக்கு முன்னாடி பேசிட்டா, ஒரு பிள்ளைக்கு நாலஞ்சு மாசப் படிப்பு தப்பிக்கும். இதை அதிகாரியால செய்ய முடியாது. ஊர்ல இருக்கிற நம்மால முடியும்.

கடைசியா ஒண்ணு. இது அண்ணன்மார் இருக்கிற மேடைன்னு தெரிஞ்சே சொல்றேன். மாறுதல் கலந்தாய்வு இப்போ கணினி வழியா நடக்குது. ஆனாலும் 'அந்த ஹெச்.எம். நம்ம ஆளை மதிக்கல, மாத்தணும்'னு யாராவது ஒருத்தர் நம்ம வீட்டு வாசல்ல வந்து நிக்கிறது நின்னுபோச்சா? மதிக்கலங்கிறது பெரும்பாலும் என்ன? வகுப்பு நேரத்துல உள்ள விடல. எஸ்.எம்.சி. கணக்குல பொய் பில் வைக்க ஒத்துக்கல. எங்க பெரிய டீச்சர் மாறிப் போனப்போ நான் நாலாம் வகுப்பு. ஏன் போனாங்கன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் சரியாத் தெரியாது. அந்த நீள நோட்டும் அவங்களோட போயிடுச்சு. அடுத்த வருஷம் எங்க தெருவுல மூணு பேர் பள்ளிக்கு வர்றதை நிறுத்தினாங்க. அதுல ஒருத்தன் என்னைவிட நல்லா கணக்குப் போடுவான். இப்போ லாரி ஓட்டுறான், நல்லாத்தான் இருக்கான், கழகக் கூட்டத்துக்கும் வருவான். என் மொபைல்ல வர்ற ஃபார்வர்டை என்கிட்டயே கொடுத்து 'படிச்சுச் சொல்லுடா'ம்பான்.

அவன் 47ல இல்ல.

அப்படி ஒரு சிபாரிசு உங்ககிட்ட வந்தா, முதல்ல அந்தப் பள்ளிக்குப் போய் வாசல்ல நிக்கிற ஒரு அம்மாகிட்ட கேளுங்க, 'அந்த டீச்சர் எப்படி'ன்னு. அவங்க சொல்றதைக் கேட்டுட்டு முடிவு பண்ணுங்க.

இதைப் பேஜ்ல படிக்கிற தோழர்களுக்கு ஒரு வேலை. உங்க ஊர் தொடக்கப் பள்ளியில மொத்தம் எத்தனை பிள்ளைகள், எத்தனை ஆசிரியர், அடுத்த எஸ்.எம்.சி. கூட்டம் எந்தத் தேதி, இந்த மூணையும் விசாரிச்சு கமென்ட்ல போடுங்க. பள்ளி விட்டதுக்கு அப்புறம் போய்க் கேளுங்க. போட்டோ வேண்டாம்.